முழங்கால் படியில் ஒரு மிஸ்டு கால்

பிசியோதெரபி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் மேடம் என்று கேட்டார்கள். எழுதுகிறேன். கோணம் அளப்பது, தொடைத் தசையை இறுக்கச் சொல்வது, ஐஸ் வைப்பது இதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். அதனால் அதை விட்டுவிட்டு, நான் செய்த ஒரு முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். அதன் பலனாக, வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல், ஊரே ஏறுகிற திருமலைப் படியில் நான் ஒருத்தி மட்டும் இறங்கி ஓடினேன். இதை நினைத்தால் இப்போதெல்லாம் பஸ்ஸில்கூடத் தனியாகச் சிரிக்கிறேன், பக்கத்து சீட்டுக்காரர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருகிறார்கள். அன்றைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

நான் சித்தூர்க்காரி. பழைய கிறிஸ்தவ மிஷன் சபைக் குடும்பம். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கோயில் மணி, கஞ்சி போட்ட புடவை, அப்புறம் கறிக்குழம்பு. திருப்பதியில் ஓர் எலும்பு மருத்துவமனையில் எத்தனையோ வருடம் பிறத்தியாருடைய முட்டிகளோடு குடித்தனம் நடத்தியும் மலைக்கு நான் நடந்து போனதே இல்லை. அந்தக் குறையை இந்தக் கதையில் வரும் பெண் தீர்த்துவைத்தாள்.

அவள் பெயர் லாவண்யா. வரதய்யபாளையத்துப் பெண். சத்தியவேடு பக்கம் புதுக் கம்பெனிகள் வரிசையாக வந்துகொண்டிருந்த காலம் அது. கம்பெனி பஸ்கள் ஊர் ஊராகச் சுற்றி ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். கழுத்தில் அடையாள அட்டை தொங்கினால் தனி மிடுக்கு. லாவண்யா டிப்ளமா முடித்து, அவர்கள் தெருவிலேயே கம்பெனி வேலைக்குத் தேர்வான முதல் பெண் ஆனாள். ஆர்டர் கைக்கு வந்த வாரத்தில் புத்தூரில் ஒரு கபடிப் போட்டி. இதுதான் கடைசி ஆட்டம் என்று போனவள் முட்டியைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

அந்தப் பக்கத்து வழக்கப்படி எலும்பு முறிவுக்குப் பேர்போன புத்தூர் கட்டுக்குத்தான் நேராகப் போனார்கள். கட்டுப் போடுகிற பெரியவர் முட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எலும்புல ஒன்னும் இல்ல. உள்ள ஏதோ பேந்துகினு இருக்குது. படம் எடுத்துப் பாருங்க" என்று கட்டே போடாமல் அனுப்பிவிட்டார். அவர் சொன்னது அப்படியே சரி. தொடை எலும்பின் நுனியை மூடியிருக்கும் குருத்தெலும்பில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பெயர்ந்து போயிருந்தது.

எங்கள் சர்ஜன் வெளிநாட்டில் கற்றுக்கொண்டு வந்த ஒட்டு முறையைச் செய்தார். முட்டியிலேயே எடை விழாத ஓரம் ஒன்று இருக்கிறதல்லவா, அங்கிருந்து சின்னச் சின்ன உருளைகளாக, மேலே குருத்தெலும்பும் அடியில் எலும்புமாக எடுத்து, பழுதான இடத்தில் துளை போட்டுச் செருகுவார். உங்களுக்கெல்லாம் இது பாடத்தில் வந்த சமாசாரம். எங்களுக்கு அப்போது அதிசயம். ஆபரேஷன் முடிந்ததும் நாங்கள் பெரிய மாப்பிள்ளை வீட்டார் மாதிரி மிதப்பாகத் திரிந்தோம்.

அந்த சர்ஜனைப் பற்றி ஒரு வார்த்தை. சிடுமூஞ்சி. காலையில் வணக்கம் சொன்னால்கூட எதற்கு என்பது போல் பார்ப்பார். ஆனால் அவர் ஒருநாள் கை கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னது இன்றைக்கும் மனதில் இருக்கிறது. "வலிக்குதுன்னு கத்தற முட்டியப் பத்தி எனக்குக் கவலையே இல்லம்மா. எட்டாவது வாரம் வலியே இல்லாம சிரிச்சிக்கிட்டு வருது பாரு, அந்த முட்டிதான் என் தூக்கத்தைக் கெடுக்குது."

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். செருகின உருளையின் அடியில் எலும்பு இருக்கிறது. அதற்கு ரத்தம் உண்டு, அது ஆறேழு வாரத்தில் அக்கம்பக்கத்து எலும்போடு ஒட்டத் தொடங்கிவிடும். மேலே இருக்கிற குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. மூட்டுக்குள் ஊறும் நீர்தான் அதற்குச் சாப்பாடு. காலை மடக்கி நீட்டினால்தான் அந்தச் சாப்பாடு உள்ளே போகும். ஆக, அசைக்காமலும் இருக்கக்கூடாது, பாரமும் ஏற்றக்கூடாது. உருளைகளுக்கு நடுவே உள்ள சந்து நார் வளர்ந்து மெல்ல மெல்ல மூடி, மேற்பரப்பு ஒன்றாகச் சேர மாதக்கணக்கு ஆகும். அதற்குள் அழுத்தினால் உருளை உள்ளே அமுங்கிப் போகும், இல்லாவிட்டால் பெயர்ந்து வரும். இவ்வளவும் சத்தமே இல்லாமல் நடக்கும். நரம்பு இல்லாததால் அது யாரிடமும் புகார் சொல்லாது.

சரி, என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். எட்டாவது வாரம், ஒரு சனிக்கிழமை காலை. லாவண்யா குச்சியோடு வந்தாள். வீக்கம் இல்லை, வலி இல்லை, மடக்கினால் மடங்குகிறது, நீட்டினால் ஸ்கேல் வைத்தாற்போல் நிற்கிறது. "குச்சியை அந்த மூலையில வை, நட" என்றேன். நடந்தாள். அறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ராணி மாதிரி நடந்தாள். நான் கைதட்டினேன். வார்டில் இருந்தவர்கள் எல்லாரும் தட்டினார்கள். அவள் அம்மா அம்சா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. "இனிமே குச்சி வேணாம், சமதரையில தாராளமா நடக்கலாம்" என்று சொல்லி, செய்யக்கூடாதவற்றைப் படபடவென்று ஒப்பித்து, அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பினேன். நான் ஒப்பித்த எதையும் அவர்கள் கேட்கவில்லை. கைதட்டினவள் பேச்சை யார் கேட்பார்கள்? கைதட்டல்தான் கேட்கும்.

அரை மணி நேரம் கழித்து வார்டு பெருக்குகிற நாகம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு சாவகாசமாகச் சொன்னாள்.

"அந்தப் பொண்ணும் அம்மாவும் மலைக்குப் போயிக்கினு இருக்காங்க மேடம். குச்சிய போட்ட அன்னிக்கே முழங்கால் படி ஏறணும்னு வேண்டுதலாம்."

வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்லிவிடுகிறேன். அலிபிரியிலிருந்து மலைக்கு நடந்து போகிற வழியில், உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் செங்குத்தாக ஓர் ஏற்றம் வரும். தெலுங்கில் மோகாள்ள மெட்டு, நம் பேச்சில் முழங்கால் படி. வேண்டிக்கொண்டவர்கள் அதை முழங்காலாலேயே ஏறுவார்கள். கல் படி. ஒவ்வொன்றிலும் முட்டியை ஊன்றி, உடம்பு முழுவதையும் அதன்மேல் தூக்கி, அடுத்த படி. எட்டு வாரத்து ஒட்டுக்கு இதைவிடக் கெட்ட காரியத்தை உட்கார்ந்து யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

ஒட்டுக்கான உருளைகளை அந்த முட்டியில் ஏற்கெனவே எடுத்தாயிற்று. இது போனால் மறுபடி எடுக்க நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். இரண்டு மாதம் கழித்து அவளுக்குக் கம்பெனியில் உடல் பரிசோதனை. உட்கார்ந்து எழச் சொல்வார்கள். அதில் விழுந்தால் வேலை போயிற்று, இருபத்திரண்டு வயதில் முட்டியும் போயிற்று.

அம்சாவின் போனுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. சர்ஜன் ஆபரேஷன் தியேட்டரில். நான் யாரிடமும் சொல்லாமல் கோட்டோடு தெருவுக்கு ஓடி, மலைக்குப் போகும் பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன். நாகம்மா இன்னொரு தகவலும் சொல்லியிருந்தாள். பெண்ணைப் பெற்றவளுக்குப் புத்தி இருந்தது. மொத்தப் படியும் நடக்க வேண்டாம் என்று மேலே பஸ்ஸில் போய், இறங்குகிற ரோட்டில் ஜீப் பிடித்து, முழங்கால் படியின் அடியில் இறங்கிக்கொள்வதாக ஏற்பாடு. நானும் அப்படியே ஜீப்புக்குக் கை காட்டினேன். ஒருவனும் நிறுத்தவில்லை. சரி போ என்று மேலேயிருந்து படியில் இறங்க ஆரம்பித்தேன்.

ஐயோ, அந்த இறக்கம்! எதிரே கூட்டம் கூட்டமாக மஞ்சள் வேட்டியும் மொட்டைத் தலையுமாக ஏறி வருகிறார்கள். நான் ஒருத்தி செருப்புச் சத்தத்தோடு இறங்குகிறேன். நடுவில் ஞாபகம் வந்து செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். "தரிசனம் அயிப்போயிந்தா மேடம்?" என்று ஒருவர் கேட்டார், சாமி பார்த்தாகிவிட்டதா என்று. ஆயிற்று ஆயிற்று என்றேன். வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டு ஓர் அம்மாள் என் கையைப் பிடித்து, "மோகாலு நொப்பி மேடம், ஒக்க நிமிஷம் சூடண்டி" என்று தன் முட்டியைக் காட்டினார். ஒரு நிமிடம் பார்க்கவாம்! நான் ஓடிக்கொண்டே, "ஐஸ் பெட்டண்டி" என்று கத்திவிட்டு இறங்கினேன். திருமலைப் படியில் ஐஸுக்கு அந்த அம்மாள் எங்கே போவார்? அவர் விடவில்லை. என் பின்னாலேயே இறங்கி வந்தார். அவர் வருவதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர்.

ஏற்றத்தின் அடியில் அவர்களைக் கண்டுபிடித்தேன். அம்சா மஞ்சளும் குங்குமமும் தட்டில் குழைத்துக்கொண்டிருந்தாள். லாவண்யா சுடிதாரை முட்டிக்கு மேல் இழுத்துச் சொருகி, நல்ல காலின் முட்டியை முதல் படியில் ஊன்றிவிட்டாள். ஆபரேஷன் செய்த கால் மடங்கி, படியைத் தொட இன்னும் நான்கு விரற்கடை இருந்தது.

பெயர் சொல்லிக் கூப்பிட நேரமில்லை. எட்டு வாரமாக அவள் வரும்போதெல்லாம் அவளிடம் கத்திய அதே சொல்லைக் கத்தினேன். "காலை நீட்டு! தொடையை இறுக்கு!"

அவள் கால் தன்னால் நீண்டது. ஒட்டுப் போட்ட கால் காற்றில் விறைப்பாக நிற்க, தொடை இறுக, அவள் அப்படியே திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்கே ஏன் நீட்டினோம் என்று தெரியவில்லை. பின்னால் ஏறக் காத்திருந்த ஒருவர் பயந்துபோய்த் தன் காலையும் நீட்டிக்கொண்டார்.

நான் போய் முதல் படியில் பொத்தென்று உட்கார்ந்து, பஸ்ஸில் இடம் பிடிப்பது போல இரண்டு கையையும் விரித்துக்கொண்டேன். இனி என் மேல் ஏறித்தான் போக வேண்டும்.

"இன்னா மேடம், நீங்க இன்னாத்துக்கு இங்க?" என்றாள் அம்சா.

நான் திட்டினேன். அதுதான் என் இரண்டாவது தவறு. பயத்தில் இருக்கிறவர்கள் திட்டத்தான் செய்வார்கள், ஆனால் திட்டு விழுந்ததும் எதிரே இருப்பவர்களின் காது மூடிக்கொள்கிறது. லாவண்யா மூஞ்சியைத் தூக்கினாள். "வலியே இல்ல மேடம். நீங்கதான கைதட்டுனீங்க?"

குருத்தெலும்பு, நரம்பு, ரத்தம் என்று உங்களுக்கு மேலே சொன்னதையெல்லாம் மூச்சு வாங்க அவளுக்குச் சொன்னேன். அம்சா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள். "நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும் மேடம். ஆனா இது எங்க வேண்டுதல் இல்ல. குவைத்துல இருந்து அவரு வேண்டிக்கினது. சாமிகிட்ட அவரு குடுத்த வார்த்தைய நான் எப்படி மாத்துறது?"

அவர் என்றால் அவள் கணவர் முனிரத்தினம். முன்பு சித்தூரிலிருந்து சென்னைக்கு மாங்காய் லாரி ஓட்டியவர். நான்கு வருடமாகக் குவைத்தில் ஒரு வீட்டுக்கு டிரைவர். மகள் முட்டி உடைந்ததையும், ஆபரேஷனையும், குச்சியையும் அவர் போனில் கேட்டதுதான், கண்ணால் பார்த்ததில்லை. அவரால் முடிந்தது பணம் அனுப்புவதும் வேண்டிக்கொள்வதும். இரண்டையும் செய்திருந்தார்.

இங்கேதான், பிள்ளைகளே, நான் ஒன்றே ஒன்று சரியாகச் செய்தேன். வாதாடுவதை நிறுத்தினேன். முடிவு எடுக்க வேண்டிய ஆள் இந்தப் படியில் இல்லை, கடல் தாண்டி இருக்கிறார் என்று புரிந்தது. "அவருக்கு போன் போடு" என்றேன்.

"போன் போட மாட்டோம் மேடம். மிஸ்டு கால் குடுப்போம். அவரே கூப்புடுவாரு."

மிஸ்டு கால் கொடுத்தாள். காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பு இருக்கிறதே! அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் எடுக்க மாட்டார். பின்னால் ஏற வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். லாவண்யா, "நேரமாவுது மா, நான் ஏறிக்கினு இருக்கேன், நைனா கூப்பிட்டா சொல்லு" என்று படியின் மறு ஓரத்துக்கு நகர்கிறாள். நானும் உட்கார்ந்தபடியே அந்தப் பக்கம் நகர்கிறேன். அவள் இந்தப் பக்கம், நானும் இந்தப் பக்கம். கபடி ஆடினவள் அவள். நான் பள்ளிக்கூடத்துக் கோகோவிலேயே தோற்றவள். இதற்கு நடுவே முட்டி வலி அம்மாள் என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து புடவையை உயர்த்திவிட்டார். முழங்கால் படியின் அடியில் முட்டி வலி இல்லாதவர் யார்? வரிசை கட்டிவிட்டார்கள். நான் ஒரு கண்ணால் லாவண்யாவைப் பார்த்துக்கொண்டு, ஒரு கையால் அந்த அம்மாளின் முட்டியை அழுத்தி, "இங்கேயா? இங்கேயா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன் அடித்தது. அம்சா எடுத்து, நான் பேசுவதாகச் சொல்லி என் கையில் கொடுத்தாள்.

"யாரு, பிசியோ மேடமா? எம் பொண்ணுக்கு இன்னா ஆச்சி?" அந்தக் குரலில் இருந்த பயத்தைக் கேட்டதும் எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

"ஒன்னும் ஆகலைங்க. ஆகாம இருக்கத்தான் கூப்பிட்டேன்." நிதானமாக, ஒரு மருத்துவ வார்த்தைகூட இல்லாமல் சொன்னேன். உள்ளே வைத்தது ஒட்டியிருக்கிறது, ஆனால் இன்னும் பதியவில்லை. வலி இல்லை, நடை நன்றாக இருக்கிறது, ஆனால் பாரம் தாங்காது. இன்றைக்கு இந்தப் படி ஏறினால் எல்லாம் வீணாகிவிடும்.

அவர் என் பேச்சை நிறுத்தினார்.

"இருங்க மேடம்" என்றார். "போர் பண்ண இஞ்சின் மாதிரியா?"

எனக்கு இஞ்சினைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆமாம் என்று சொல்லிவிடத்தான் நாக்கு துடித்தது. ஆனால் அவர் எதையோ பிடித்துவிட்டார், அது சரியான பிடிதானா என்று தெரியாமல் தலையாட்டக்கூடாது. "எனக்குத் தெரியாதுங்க, அது என்ன, சொல்லுங்க" என்றேன்.

அவர் சொன்னார். அம்சா போனின் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டிருந்தாள், வரிசையில் இருந்த அத்தனை முட்டிகளும் கேட்டன. "இஞ்சின் தேஞ்சி போனா போர் பண்ணி புது பிஸ்டன் போடுவாங்க மேடம். மொத நாளே வண்டி ஜம்முனு ஓடும். ஒரு சத்தம் இருக்காது. அத்த நம்பி புது டிரைவருங்க லோடு ஏத்திடுவானுங்க. ஏத்துனா உள்ள இறுக்கிப் புடிச்சிக்கும், அப்புறம் இஞ்சினையே தூக்கிப் போட வேண்டியதுதான். காலி வண்டியா, மெதுவா, கொஞ்ச நாளு ஓட்டிக்கினே இருக்கணும். நிறுத்தியும் வெக்கக்கூடாது. ஓட ஓடத்தான் உள்ள ஒண்ணோட ஒண்ணு பதியும்."

நான் படியிலேயே எழுந்து நின்றுவிட்டேன். ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும், லோடு ஏற்றக்கூடாது, சத்தம் இல்லை என்று நம்பக்கூடாது. இத்தனை வருடம் படித்தும் சொல்லிக்கொடுத்தும் இவ்வளவு தெளிவாக நான் ஒருநாளும் சொன்னதில்லை. "அதேதாங்க! அதே அதே!" என்று கத்தினேன்.

"எத்தினி நாளு?"

"நடக்கலாம், பயிற்சி பண்ணலாம், சைக்கிள் மிதிக்கலாம். முட்டி போடறதும் படி ஏறி இறங்கறதும் இப்ப வேணாம். கொஞ்சம் கொஞ்சமா நான் கூட்டித் தரேன். குதிக்க, ஓட ஒரு வருஷம் ஆகும்."

"போனைப் பொண்ணுகிட்ட குடுங்க."

லாவண்யா வாங்கினாள். அதுவரை விறைப்பாக இருந்தவளுக்கு நைனா என்று சொன்னதுமே உதடு கோணிவிட்டது. "நைனா, நீ சாமிகிட்ட சொல்லிட்டியே. நான் ஏறலன்னா உனக்கு அங்க எதுனா ஆயிட்டா?"

அதுதான் அவளுடைய பயம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வீம்பு என்று நினைத்திருந்தேன். அவள் தன் முட்டிக்காக ஏறவில்லை, குவைத்து ரோட்டில் வண்டி ஓட்டுகிற தகப்பனுக்காக ஏற வந்திருந்தாள்.

"எனக்கு ஒன்னும் ஆவாது மா. நான் வேண்டிக்கினா நான் ஏறுறேன். லீவு குடுக்கட்டும், வந்து ஏறுறேன். சாமி உன் முட்டிய கேக்கல, நாந்தான் ஆத்தர அவசரத்துல உன் பேர சொல்லிட்டேன். எறங்கு மா. லோடு ஏத்தாத. எறங்கு."

அவள் படியிலிருந்து விலகித் தள்ளி நின்றாள். நின்றதும் எங்களைச் சுற்றியிருந்த முட்டி வரிசை மொத்தமும் "கோவிந்தா! கோவிந்தா!" என்று எழுப்பிய சத்தத்தில் மேலே ஏறிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானும் சேர்ந்து கத்தினேன். எங்கள் சபைக்காரர்கள் யாராவது பார்த்திருந்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். அம்சா முதல் படிக்கு மட்டும் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றினாள். அப்புறம் எல்லாரும் ஜீப் பிடித்துக் கீழே இறங்கினோம். இந்தத் தடவை ஜீப் உடனே நின்றது. முட்டி வலி அம்மாளும் எங்களோடு ஏறிக்கொண்டார்.

தியேட்டரிலிருந்து வெளியே வந்த சர்ஜனிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். நான் கேட்காமல் விட்டது ஒரே கேள்விதான். வலி இருக்கா, வீக்கம் இருக்கா, படி இருக்கா வீட்டில், இந்தியன் கழிப்பறையா, எல்லாம் கேட்டேன். என்ன வேண்டுதல் என்று கேட்கவில்லை. திருப்பதியில் உட்கார்ந்துகொண்டு! அவர் திட்டுவார் என்று தயாராக நின்றேன். அவர் கேஸ் ஷீட்டை வாங்கி, வேலை, உயரம், எடை என்று இருந்ததற்குக் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டு, வேண்டுதல் என்று தன் கைப்பட எழுதினார். "அடுத்த தடவை அச்சடிக்கும்போது சேத்துடும்மா" என்றார். பிறகு அவர் சிரித்ததாக எனக்குச் சந்தேகம். நிரூபிக்க முடியாது.

அந்த ஒரு கோட்டில் என்னென்ன வந்தது தெரியுமா! இடுப்பு மாற்றின மறு மாதம் அங்கப்பிரதட்சிணம் உருள வேண்டிக்கொண்டவர். முதுகுத்தண்டில் கம்பி வைத்துக்கொண்டு காவடி எடுக்க நினைத்தவர். எங்கள் ஆட்களும் குறைச்சல் இல்லை. முட்டி மாற்று ஆபரேஷன் செய்துகொண்ட சபைப் பெரியவர் ஒருவர், ஈஸ்டருக்கு முன்னால் வரும் லெந்து நாற்பது நாளும் முழங்காலில் நின்று ஜெபிப்பதாகப் பொருத்தனை பண்ணியிருந்தார். யாரிடமும் நான் வேண்டாம் என்று சொன்னதில்லை. எப்போது செய்யலாம், எப்படிச் செய்யலாம், யார் செய்யலாம் என்றுதான் பேசினேன். அவர்கள் என்ன தொழில் செய்கிறார்கள் என்று முதலில் கேட்டுவிட்டு, அந்தத் தொழிலிலேயே பேசச் சொல்லி உட்கார்ந்துகொள்வேன். தறி நெய்கிறவர், வெல்லம் காய்ச்சுகிறவர், ஒவ்வொருவரும் எனக்குப் பாடம் எடுத்துவிட்டுப் போனார்கள்.

லாவண்யா பரிசோதனைக்குப் போன அன்று, எனக்கு மருத்துவமனையில் ஒரு வேலையும் ஓடவில்லை. மத்தியானம் போன் வந்தது. "உக்காந்து எழுந்துட்டேன் மேடம். மூணு வாட்டி. ஆனா முழுசா உக்காரல, நீங்க சொன்ன அளவுக்குத்தான். பாஸு." கம்பெனியில் அவளை முதல் சில மாதம் உட்கார்ந்து செய்கிற வேலையில் போட்டார்கள். வருடக் கடைசியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம். உருளைகள் எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி, மேலே பரப்பு வழவழவென்று சேர்ந்திருந்தது. சர்ஜன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். நான் கைதட்டவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர்தான் தட்டினார்.

முனிரத்தினத்துக்கு லீவு கிடைக்க அதன் பிறகும் ஒரு வருடம் ஆயிற்று. சென்னையில் விமானம் இறங்கி, வீட்டுக்குப் போய்ப் பெட்டியை வைத்துவிட்டு, மறுநாளே குடும்பத்தோடு மலைக்குக் கிளம்பினார். என்னையும் வரச் சொன்னார்கள். அலிபிரியிலிருந்து மொத்தப் படியும் அவர்களோடு ஏறினேன். என் முட்டிகள் என்னை என்னவெல்லாம் திட்டின என்று இங்கே எழுத முடியாது. அவர் நான் நினைத்ததைவிடக் குள்ளமான மனிதர், நரைத்த மீசை, கம்பெனி அட்டை போட்ட மகளிடம் பேசுவதற்கே கூச்சப்பட்டார். ஆறு வருடத்தில் அவள் வேறு ஆளாகியிருந்தாள். வழியெல்லாம் அவர் பேசியது என்னிடம்தான், அதுவும் இஞ்சின் பற்றித்தான்.

முழங்கால் படி வந்தது. வேட்டியை மடித்துக் கட்டி, சாமியைக் கும்பிட்டு, முதல் படியில் முட்டியை ஊன்றினார். லாவண்யா பக்கத்தில் வந்து அவர் தோளைப் பிடித்துக்கொள்ளப் போனாள். "புடிச்சிக்கோ நைனா, கல்லு கூரா இருக்கும்."

அவர் அவள் கையை எடுத்துவிட்டார்.

"வேணா மா. நீ முன்னாடி நடந்து ஏறு. நான் பாத்துக்கினே வரேன்."

அவள் முன்னே ஏறினாள். அவர் ஒரு படி முட்டி போட்டு ஏறுவார், நிமிர்ந்து அவள் கால் எடுத்து வைப்பதைப் பார்ப்பார், அடுத்த படி ஏறுவார். உச்சி வரைக்கும் அவர் வேறு எதையும் பார்க்கவில்லை.